சஹனுக்கு ஒரு ஆள்

பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. நடந்தது நடுராத்திரியில்கூட இல்லை. நல்ல பகலில், லுஹர் தொழுகை முடிந்த வெயிலில், கையில் செல்போனும் தலைக்கு மேல் சூரியனும் இருக்கும்போது நடந்தது. கூத்தாநல்லூரில் பர்வினிடம் போய்க் கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க, டீ குடிக்கிறீங்களா?" என்று அடுப்படிக்குள் நுழைந்துகொள்வாள். ஆனால் அவள் வீட்டுப் பரணில் ஒரு பெரிய சஹன் குப்புறக் கவிழ்ந்து கிடக்கிறது. அதை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் அப்புறம் நீங்களே சிரிக்கமாட்டீர்கள்.

சஹன் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து முஸ்லிம் வீட்டு விருந்துகளில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, கறியை நடுவில் வைத்து, பாயில் சுற்றி உட்கார்ந்து நான்கு பேர் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்திருக்கவும் கூடாது. மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால், "சஹனுக்கு ஒரு ஆளு! ஒரு ஆளு வாங்க!" என்று பந்தலில் குரல் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர்கூட வந்து உட்கார்ந்துகொள்வார்.

பர்வினின் மாமனார் அப்துல் வஹாப். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். மாமியார் ஆசியா. இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆசியாவுக்கு ஒரு பழக்கம். தன் பக்கம் வந்த கறித்துண்டை விரலால் மெதுவாக அவர் பக்கம் தள்ளிவிடுவாள். அவர் பார்க்காத மாதிரி இருப்பார். மருமகளாக வந்த புதிதில் பர்வின் அதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் தனியாகச் சிரித்திருக்கிறாள்.

ஆசியா மௌத்தாகி, கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து வஹாபுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கவளம், ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான். சட்டை, கொடியில் காய்வது போல உடம்பில் தொங்கியது. மன்னார்குடி டாக்டர், வஹாபின் மகன் அஃப்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உடம்புல வியாதி ஒண்ணும் இல்ல. சாப்பிட மாட்டேங்கறாரு, அதான் வியாதி. இப்படியே விட்டா இந்த வருஷம் தாங்காது."

அதோடு இன்னொன்றும் இருந்தது. விடியற்காலையில், பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், அடுப்படியில் வளையல் சத்தம் கேட்கிறது என்பார் வஹாப். ஆசியா போட்டிருந்த கண்ணாடி வளையல். "உங்க மாமி எழுந்துட்டா" என்று சொல்லிவிட்டு அவரும் எழுந்து உட்காருவார். பர்வினுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. பாவம், கிழவருக்குப் பிரமை என்று விட்டுவிட்டாள்.

பர்வினின் புருஷன் அஃப்சர் துபாயில் ஒரு பணக்காரரின் உல்லாசப் படகில் வேலை பார்க்கிறான். கடலோரத்தில் எந்த வளைவில் படகை நிறுத்தினால் காற்று அடிக்காது, அலை ஆட்டாது, துரைமார்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று இடம் பார்த்து நங்கூரம் போடுவதுதான் அவன் வேலை. லீவு முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. அத்தாவை ஒருவேளையாவது வயிறாரச் சாப்பிட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று பிடிவாதமாக நின்றான்.

"முத்துப்பேட்டைக்குப் போவோம் அத்தா. அலையாத்திக் காடு. போட்டுல போயி, நல்ல எடமா நிறுத்தி, அங்கயே சாப்பிடுவோம்."

வஹாப் வேண்டாம் என்றுதான் சொல்லப்போனார். அப்புறம் நிறுத்தினார். "அவ போவணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லியே..." என்றார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. பர்வின் விடிவதற்கு முன்பே எழுந்து நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தால்ச்சாவும் கத்திரிக்காய்ப் பச்சடியும் செய்தாள். சஹனைத் துணியில் சுற்றிக் காரில் வைத்தாள். திருத்துறைப்பூண்டி ரோட்டில் பாதி இடத்தை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

படகுக்காரன் பெயர் சேரன். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத ஆள். போனில் பாட்டு ஓட, அதற்கு மேல் இவன் பேசுவான். கூரை போட்ட ஃபைபர் படகு. துறைக்கடையில் அவனே குரல் கொடுத்தான்.

"நாலு டீ போடுண்ணே!"

மூன்று பேர் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நாலாவது கிளாஸ் பெஞ்சில் இருந்தது.

"நீங்க எடுத்துக்கலியா?" என்றாள் பர்வின்.

"நான் டீ குடிக்கிறதில்லக்கா" என்று சொல்லிவிட்டு அவன் எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டான்.

பர்வின் திரும்பிப் பார்க்கும்போது அந்தக் கிளாஸில் ஆடை படிந்திருந்தது. சரி, கடைக்காரர் எடுத்துக்கொள்வார் என்று நடந்தாள். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடுக்கும்போதும் அப்படித்தான். மூன்று பேருக்கும் மாட்டிவிட்டு, நாலாவதை முன்பக்கப் பலகையில் கொண்டுபோய் வைத்தான் சேரன். தனக்காக வைத்திருக்கிறான் போல என்று பர்வின் நினைத்தாள். கடைசிவரை அவன் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

கோரையாற்றில் படகு போனது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து ஆயிரம் ஆயிரமாய்ப் பென்சில் நட்ட மாதிரி வேர்கள் மேல்நோக்கி முளைத்திருந்தன. கொக்கு, நாரை, பேர் தெரியாத வெளிநாட்டுப் பறவை எல்லாம் கத்தித் தீர்த்தன. வஹாப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறு முடிந்து நீர் அகலமாக விரிந்ததும் அஃப்சர் எழுந்து நின்றுகொண்டான். இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டான். இனி அவன் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு வளைவு வந்தது. பார்க்க அழகாக இருந்தது. "வேணாம். காத்து நேரா மூஞ்சில அடிக்கும். சோத்துல தூசிதான் விழும்." அடுத்த வளைவில் இன்னும் இரண்டு படகுகள் நின்றன. காலேஜ் பையன்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். "இங்க நிறுத்துனா அத்தா சாப்பிடமாட்டாரு, ஓடிப்போயிடுவாரு" என்று சிரித்தான். மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்தான், உமிழ்ந்து நீரோட்டம் பார்த்தான், கையை உயர்த்திக் காற்றுப் பார்த்தான். மாமனாரே லேசாகச் சிரித்துவிட்டார். "துபாய் துரை இப்ப சோறு போடுவாராம்மா?" என்றார் பர்வினிடம். பர்வினுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் கிண்டல் பேசி எத்தனை மாதம் ஆகிறது!

மூன்றாவது இடத்தை அஃப்சர்தான் கண்டுபிடித்தான். மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வாய். உள்ளே போனால் நீர் வட்டமாக அகலும். மூன்று பக்கமும் மரம். நிழல். ஒரு சுருக்கம்கூட இல்லாத தண்ணீர்.

"அடேயப்பா! இதுதான்யா எடம்!" என்றான்.

"நான் இங்க நிறுத்துனதே இல்ல தம்பி" என்றான் சேரன்.

"ஏன்?"

"சும்மாதான். யாரும் கேட்டதில்ல."

சேரன் படகைத் திருப்பினான். படகின் மூக்கு அந்த வாய்க்கு நேராக வந்தது. வந்து, தானாக விலகியது. மறுபடி திருப்பினான். மறுபடி விலகியது. யாரோ முன்னால் உட்கார்ந்து பிடித்துத் தள்ளுகிற மாதிரி. எஞ்சின் இருமி நின்றது. அப்போது பர்வினுக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

கிளிங்.

நங்கூரச் சங்கிலி என்று நினைத்தாள்.

சேரன் பாட்டை நிறுத்தினான். முன்பக்கப் பலகையை ஒரு பார்வை பார்த்துத் தலையைச் சொறிந்தான். அஃப்சருக்குப் பொறுமை போய்விட்டது. கழியை வாங்கி ஊன்றி, தானே தள்ளிப் படகை உள்ளே கொண்டுபோனான். "வெளிய போறப்ப சுலபமா இருக்கும்" என்று மூக்கை வாய்ப்பக்கம் திருப்பி நிறுத்தினான். நங்கூரத்தை இறக்கினான்.

உள்ளே நுழைந்ததும் பறவைச் சத்தம் நின்றுவிட்டது. ஒன்றுகூட இல்லை.

பர்வின் அதைச் சொல்லவில்லை. சமைத்த சமையல் ஆறிக்கொண்டிருந்தது. பாயை விரித்தாள். கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கை கழுவ வைத்தாள். சஹனில் நெய்ச்சோற்றைக் குவித்துக் கறியை நடுவில் வைத்தாள். படகுக்கு மிக அருகில் மரங்கள் இருந்த பக்கம் காலியாக இருந்தது. அதற்கு எதிரே வஹாப் உட்கார்ந்தார். எஞ்சின் பக்கம் முதுகு காட்டி அஃப்சர். முன்பக்கத்துக்கு முதுகு காட்டிப் பர்வின்.

"வாங்க சேரன், உக்காருங்க" என்றான் அஃப்சர்.

"செவ்வாக்கெழம தம்பி. கவுச்சி தொடமாட்டேன். தயிர்சோறு இருக்கு." அவன் எஞ்சின் பக்கம் திரும்பி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான்.

மூன்று பேர். நாலாவது பக்கம் சும்மா இருந்தது. வஹாபின் கண் அங்கேயே போனது. கை சோற்றுக்குப் போகவில்லை. அஃப்சருக்கு அது தாங்கவில்லை. அத்தாவைச் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் நினைப்பு. ஊர்க் கல்யாணங்களில் பந்தி பார்க்கிறவன் அவன். அந்தப் பழக்கத்தில், அந்தக் குரலில், மரங்களைப் பார்த்துக் கத்தினான்.

"சஹனுக்கு ஒரு ஆளு குறையுது! ஒரு ஆளு வாங்க!"

குரல் மூன்று பக்கமும் போய்த் திரும்பி வந்தது. ...வாங்க... வாங்க...



படகு சாய்ந்தது.

பலமாக இல்லை. மரங்களின் பக்கம் ஒரு விரற்கடை. யாரோ காலெடுத்து வைத்து ஏறினால் சாயுமே, அப்படி. டம்ளரில் இருந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அப்படியே நின்றது.

"தண்ணி இழுக்குது" என்றான் அஃப்சர்.

வஹாப் அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பிஸ்மி சொன்னார். கை வைத்தார். ஒரு கவளம். இரண்டு. மூன்று. நாலு... அஃப்சர் பர்வினைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. யா அல்லாஹ், சாப்பிடுகிறாரே!

அழுகையைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் பார்த்தாள்.

நாலாவது பக்கம் குழிந்திருந்தது.

சோறு சரிந்திருக்கும் என்று நினைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று விரல் வைத்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. இவர்கள் யாரும் அந்தப் பக்கம் கை வைக்கவில்லை. சோறு குறைந்துகொண்டே வந்தது. ஒரு பருக்கைகூடப் பாயில் சிந்தவில்லை.

நிமிர்ந்து அஃப்சரைப் பார்த்தாள். அவனும் பார்த்துவிட்டான். கவளம் அவன் வாயருகே நின்றது.

"மச்சான்..."

"பேசாத" என்றான், உதடு அசையாமல்.

வஹாப் மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். எதிர்ப்பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். "அந்தப் பக்கம் சோறு கொறைஞ்சுடுச்சு. இன்னும் கொஞ்சம் வைம்மா."

பர்வின் வைத்தாள். வைத்த சோறு போனது. மறுபடி வைத்தாள். போனது. மாமியாகத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். மாமி என்றால் என்ன பயம்? காய்ச்சல் வந்தால் நெற்றியில் பத்துப் போட்ட கைதானே...

அப்போது கறித்துண்டு ஒன்று நகர்ந்தது.

நல்ல துண்டு. நெஞ்செலும்போடு. வஹாப் பக்கம் அவள் ஒதுக்கி வைத்திருந்தது. அது அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் போனது. இன்னொரு துண்டு. இன்னொன்று. அவர் பக்கத்தில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. எதிர்ப்பக்கத்தில் எலும்புகள் விழுந்தன. நக்கி வழித்த மாதிரி வெள்ளை வெளேரென்று.



மாமி கறியைத் தள்ளிக் கொடுப்பவள். அவர் பக்கத்திலிருந்து எடுக்கவே மாட்டாள்.

தீங்கு அண்டாமல் இருக்க ஓதும் ஆயத்துல் குர்ஸியை வாய்க்குள் ஓதத் தொடங்கினாள். பாதியில் மறந்தது. குழந்தையிலிருந்து ஓதுவது. மறந்தது.

"தம்பி!" சேரன் எஞ்சின் பக்கமிருந்து கத்தினான். "தண்ணி வத்துது! இப்பக் கெளம்பலேன்னா சேத்துல குந்திக்கும்!"

பார்த்தார்கள். கரையோரம் வேர்கள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் கறுப்புச் சேறு. மனிதன் கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே வாங்கும் சேறு.

அஃப்சர் எச்சில் கையோடு எழுந்து ஓடி நங்கூரக் கயிற்றை இழுத்தான். வரவில்லை. சேரனும் சேர்ந்து இழுத்தான். வரவில்லை.

"அத்தா, எழுந்திரிங்க. போவலாம்!"

"ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எழுந்திரிக்கிறதா? என்னடா பழக்கம் இது?" வஹாபுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதானே கூப்புட்ட?"

பாத்திரத்தில் சோறு தீர்ந்தது. சஹனும் காலி.

வழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்... வெறும் தட்டை வழிக்கிற சத்தம்.

அப்புறம் அதுவும் நின்றது.

வஹாப் வலது கையை எதிர்ப்பக்கம் நீட்டினார். எழுந்தார். கை பிடித்துத் தூக்கிவிட்ட மாதிரி எழுந்தார். ஒரு வருஷமாக, தரையிலிருந்து யாராவது பிடிக்காமல் எழுந்திருக்காதவர். சஹனைச் சுற்றிக்கொண்டு, மரங்களின் பக்கம்...

"அத்தா!" அஃப்சர் அலறினான். கயிற்றை விட்டால் படகு சேற்றுக்குப் போய்விடும். விடவில்லை.

பர்வின் பாய்ந்து மாமனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எலும்பும் தோலுமான மனிதர். இழுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் இழுப்பு அப்படி இருந்தது.

"மாமா! அது மாமி இல்ல மாமா!"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தெளிவான பார்வை.

"தெரியும்மா" என்றார். "அவ என் பக்கத்துக் கறிய எடுக்கமாட்டா."

"தெரிஞ்சுமா...?"

"ஒரு வருஷமா அந்தப் பக்கம் சும்மா கெடக்குதேம்மா. யாரோ ஒருத்தர் வந்து உக்காந்தாங்கல்ல?"

ஒரு காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தார்.

கிளிங்.

முன்பக்கம்.

கிளிங்... கிளிங்...

படகின் மூக்கு ஒருமுறை அமுங்கியது. நிமிர்ந்தது. யாரோ இறங்கினால் நிமிருமே, அப்படி. பலகையில் இருந்த லைஃப் ஜாக்கெட் நழுவி விழுந்தது. அந்தக் கிளிங் சத்தம் சேற்றின் மேல் போனது. அவசரமில்லாமல். கிளிங்... கிளிங்... மரங்களின் பக்கம் போனது.

அங்கே நின்றது.

வஹாபின் கை சட்டென்று தொங்கியது. பர்வினோடு சேர்ந்து பாயில் மல்லாந்து விழுந்தார். சாய்ந்திருந்த படகு நேரானது. அஃப்சர் கையிலிருந்த கயிறு, வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி, அப்படியே வந்தது.

"தள்ளு! தள்ளுங்க!"

இரண்டு கழிகளை ஊன்றி இரண்டு பேரும் தள்ளினார்கள். அடி சேற்றில் உரசியது. வாய் தாண்டியதும் எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. பறவைகள் ஒரேயடியாகக் கத்தின. பர்வின் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கவே இல்லை. சேரன் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் துறை வரும்வரை அந்த வாயாடி வாயைத் திறக்கவில்லை. இறக்கி விட்டதும் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

காரில் வரும்போது பர்வின் கேட்டாள்.

"மச்சான், நங்கூரத்துல சங்கிலி இருந்துச்சா?"

"ஏது சங்கிலி? கயிறுதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

இதில் அதிசயம் என்னவென்றால், வஹாப் அன்று மஃரிப் தொழுதுவிட்டு வந்து, "பசிக்குதும்மா" என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டார். மறுநாள் நாலு. தனித் தட்டில்தான் சாப்பிட்டார். சஹனைப் பர்வின் பரணில் கவிழ்த்துவிட்டாள். படகில் நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கன்னத்தில் சதை பிடிக்க ஆரம்பித்தது. அஃப்சர் நிம்மதியாக விமானம் ஏறினான். நங்கூரம் சேற்றில் மாட்டியது, வெயிலில் அத்தாவுக்கு மயக்கம், தட்டு சாய்ந்து சோறு சரிந்தது என்று அவன் போனில் ஒரு கணக்குச் சொன்னான். பர்வின் சரி, சரி என்று கேட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் பைக் நின்றது. சேரன். கையில் மஞ்சள் பை. படகில் மறந்து வைத்த கெண்டியைக் கொண்டுவந்திருந்தான். பர்வின் உள்ளே கூப்பிட்டாள். வரவில்லை. வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா... அந்த அம்மா யாரு?"

"எந்த அம்மா?"

"உங்க கூட வந்தவங்க. வெள்ளத் துப்பட்டி போட்டுக்கிட்டு."

பர்வின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"துறையில உங்களுக்கு முன்னாடி அவங்கதான் ஏறி முன்பக்கம் குந்துனாங்க. டீ சொன்னேன், வாங்கிக்கல. ஜாக்கெட்டக் குடுத்தேன், வாங்கிக்கல. நீங்க யாரும் அவங்களோட பேசல. வூட்டுல ஏதோ சண்ட, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்க்கா. நல்லா சந்தோசமாத்தான் மரத்தையெல்லாம் பாத்துக்கிட்டு வந்தாங்க. அந்த எடத்துக்குத் திருப்புனதும்தான் என்னயப் பாத்து வேணாம் வேணாம்னு கையாட்டுனாங்க. வளையல் குலுங்குச்சு. அப்பவும் எனக்குப் புத்தி வரல."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பெரியவரு எறங்கப் போனாரே... அப்ப அவங்க எழுந்தாங்க. முன்னாடி எறங்கிச் சேத்து மேல நடந்தாங்க. கால் பதியலக்கா. பெரியவரு கைய எதுவோ புடிச்சிருந்துச்சே, அங்க போயி தன் கைய நீட்டுனாங்க. அது அவரு கைய விட்டுட்டு இவங்க கையப் புடிச்சிக்கிச்சு. வெளிய வந்தப்பறம் திரும்பிப் பாத்தேன். மரத்தடியில குந்தியிருந்தாங்க. எதுத்தாப்ல இன்னொண்ணும் குந்தியிருந்துச்சு. அது மொகத்த நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

"ஏறும்போது நாலு பேரு, அக்கா" என்றான். "எறங்கும்போது மூணு பேரு. அத எப்படி நான் உங்ககிட்ட அன்னைக்கே சொல்லுவேன்?"

பைக் போன பிறகும் பர்வின் கெண்டியைப் பிடித்தபடி நின்றாள். வீட்டில் அவளுக்கு மட்டும்தான் இது தெரியும். அஃப்சருக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு அந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடுவான். மாமனாருக்கு எப்படிச் சொல்வது?

உள்ளே வஹாப் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டு நிறைய ரொட்டி. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, தண்ணீர் குடித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"ஏம்மா பர்வின்..."

"சொல்லுங்க மாமா."

"முத்துப்பேட்டைக்குப் போயிட்டு வந்ததுலேருந்து காலையில அந்த வளையல் சத்தம் கேக்கவே இல்லியேம்மா. உங்க மாமி எங்க போனா?"